குழலின் வாய்



1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தைப் பற்றிப் பெக்கான் நானாஸ் பக்கத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்நாளில் மலாயாக் காட்டுக்குள் நுழைந்த பட்டாளத்தார் பலரிடம் குட்டையான துப்பாக்கி ஒன்று இருந்தது. 'ஜங்கிள் கார்பைன்' என்பார்கள். வழக்கமான லீ என்ஃபீல்டு நாலாம் நம்பர் துப்பாக்கியின் குழல் 25 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். இதற்கோ 19 அங்குலம்கூட இல்லை. குட்டையாக இருந்ததால் கொடியிலும் புதரிலும் மாட்டுவது குறைந்தது.

குழலைக் குட்டையாக்குவது பெரிதல்ல. வெட்டிய வாயைச் சீர்செய்வதே வித்தை. வாய் நசுங்கிய குழாயில் தண்ணீர் கோணலாகப் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். குண்டு வெளியேறும் நொடியில், அதைத் தள்ளிவந்த வெடிப்புகை வாயின் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் வெளிப்பட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் புகை அங்கே முந்திக்கொண்டு, குண்டின் வாலைத் தட்டிவிடும், குறி தப்பும். ஆகவே கடைசல் எந்திரத்தில் வாயைச் சமமாகக் கடைந்து, துளையின் விளிம்பைச் சற்றே உள்ளடக்கி வைப்பார்கள். கல்லில் இடித்தாலும் விளிம்பு பிழைக்கும். ரம்பத்தால் அறுத்து அரத்தால் தேய்த்த வாய் இதற்கு ஈடாகாது.

வாய் சரியானாலும் குட்டைக் குழலில் தொல்லை உண்டு. நெருப்பும் சத்தமும் கூடும். நெருப்பை மறைக்க வாயில் புனல்போல ஒன்றை மாட்டினார்கள். எடை குறைந்ததால் தோளில் உதையும் அதிகம். குறி நிலைக்கவில்லை என்றும் சிப்பாய்கள் முறையிட்டார்கள். 1947-இல் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே செய்தவைதாம் அவசரகாலக் காட்டில் உழைத்தன.