சக்திக்கு ஏற்ற சந்தை

பாலவாக்கத்தில் கடற்காற்று வாங்கியபடி நீங்கள் இதைச் செல்போனில் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் போனுக்குள் ஓடுவது அநேகமாக ஆர்ம் குடும்பத்துச் செயலி. வீட்டு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ இன்டெல் அல்லது ஏ.எம்.டி. செயலி. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பேரம் பேசுகிறோம். உண்மையில் அவை பங்காளிகள். 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086-இன் வம்சம்தான் இரண்டும். ஐ.பி.எம். 1981-இல் தன் பர்சனல் கம்ப்யூட்டருக்கு அந்த வம்சத்து 8088-ஐ எடுத்துக்கொண்டது. பிறகு வந்த மேசைக் கம்ப்யூட்டர் மென்பொருள்களில் பெரும்பகுதி அதற்காகவே எழுதப்பட்டது.

அங்கேதான் முடிச்சு. ஒரு குடும்பத்துச் செயலிக்குத் தயாரித்த நிரல் இன்னொரு குடும்பத்தில் நேரடியாக ஓடாது. அந்த வம்சத்தை உருவாக்கிய இன்டெல்லே இதில் சூடு பட்டிருக்கிறது. 2001-இல் எச்.பி.யோடு சேர்ந்து ஐடேனியம் என்ற புத்தம்புதிய செயலியைக் கொண்டுவந்தது. பழைய நிரல்கள் அதில் தள்ளாடின. 2003-இல் ஏ.எம்.டி. பழைய கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு 64 பிட்டுக்கு நீட்டிக் கொடுத்தது. சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டே இன்டெல்லும் அதே வழிக்கு வந்துவிட்டது. 2020-இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளை ஆர்ம் வழிக்கு மாற்றி வென்றது என்றால், அதற்குக் காரணம் இயந்திரம், இயங்குதளம் இரண்டும் அதன் கையிலேயே இருந்ததுதான். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

இந்தப் போட்டியில் நம்ம ஊர் ஆள் ஒருவரும் இருக்கிறார். பாலவாக்கத்திலிருந்து திருவான்மியூரைத் தாண்டிப் போனால் வரும் சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலிதான் அது. ஆர்ம் கட்டளைத் தொகுதியைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் உண்டு. சக்தி சார்ந்திருக்கும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி, 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்தாளலாம். 2018-இல் சக்தியின் முதல் சில்லுகள் வந்தன. அவற்றை அமெரிக்காவின் ஓரிகனில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்து கொடுத்தது யார் தெரியுமா? இன்டெல். பின்னாளில் போட்டியாகக்கூடிய குடும்பத்துக்கு அதுவே தொட்டில் கட்டியது! அதே ஆண்டு சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்திலும் ஒரு சக்தி சில்லு தயாரானது, 180 நானோமீட்டரில். இன்டெல் 1999-இல் பென்டியம் 3-க்குப் பயன்படுத்திய அளவு அது.

"அப்படியானால் சக்தி லேப்டாப் எப்போது வரும்?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சந்தைக்கு இப்போதே போய் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே நாற்பதாண்டு மென்பொருள் மதிலாக நிற்கிறது. ராக்கெட், மின்மீட்டர், கைரேகைப் பூட்டு போன்றவற்றில் அந்த மதில் கிடையாது. உள்ளே ஓடும் நிரலைக் கருவியைச் செய்பவர்களே எழுதிக்கொள்கிறார்கள். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் அறிவித்த 'ஐரிஸ்' சில்லு அந்த வழியில் போனதுதான். விண்கலக் கட்டுப்பாட்டுக்கான அந்தச் சக்திச் செயலியும் சண்டிகரில்தான் தயாரானது. அதற்கு வேகத்தைவிட நம்பகம் முக்கியம். 180 நானோமீட்டர் அங்கே குறையே இல்லை.

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று சொல்லுங்கள். சக்தியின் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உள்சுற்றை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. பலகை ஒன்று கையில் இருந்தால் அந்தச் செயலியை வீட்டு மேசையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பலகை அநேகமாக இருக்கும். கேட்டு வாங்கிப் பழகச் சொல்லுங்கள்.