சொல்லும் சைகையும்



மனிதன் விலங்கைப் பழக்கிய வரலாறு நெடியது. அட்டாளைச்சேனைப் பக்கத்து வயற்கண்டங்களிலே எருமைகளைப் பிணைத்துச் சூடடித்த காலத்தில், அவற்றை வளைத்து ஓட்டியவரின் குரலே கடிவாளமாக விளங்கிற்று. உழவு இயந்திரம் வந்தபின் அக்குரல் ஓய்ந்தது. ஆனால், வாயில்லாச் சீவனுக்குத் தன் எண்ணத்தை உணர்த்துவது எவ்வாறு என்ற வினா ஓயவில்லை. அவ்வினாவுக்கு மேனாட்டார் விடை தேடும் களங்களுள் ஒன்று, 'அஜிலிட்டி' எனப்படும் நாய்களின் தடை ஓட்டப் போட்டியாகும்.

நாய் என்றதும் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாயை வீட்டினுள் வளர்ப்பதைத் தவிர்க்கும் முஸ்லிம் மரபு, வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க்காவலுக்கும் அதனை வைத்துக்கொள்ள இடமளித்துள்ளது. வேட்டைக்குப் பயிற்றப்பட்ட பிராணிகளைத் திருக்குர்ஆனின் 5ஆம் அத்தியாயமும் குறிப்பிடுகின்றது. ஆதலால், பயிற்சி பெற்ற நாயின் அருமை கீழ்க்கரை மக்கள் அறியாததன்று.

இப்போட்டி 1978ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற 'கிறவ்ற்ஸ்' நாய்க் கண்காட்சியிலே பிறந்தது. இடைவேளையில் பார்வையாளரை மகிழ்விக்க ஏதேனும் வேண்டுமென விழாக்குழுவைச் சேர்ந்த ஜோன் வார்லி விரும்பினார். குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, பீற்றர் மீன்வெல் என்னும் பயிற்சியாளர் தடைகளை அமைத்துக் கொடுத்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது விரைவில் வளர்ந்தது. 1996இல் சுவிற்சர்லாந்தின் மோர்ஜ் நகரிலே முதலாவது உலகப் போட்டி நடந்தது.

நாய் குறுக்குக் கம்புகளைத் தாண்ட வேண்டும். குழாய்களினுள் நுழைந்து வெளிவர வேண்டும். சாய்ந்தாடும் பலகைமீது ஏறி இறங்க வேண்டும். வரிசையாக ஊன்றிய 12 கோல்களினிடையே வளைந்து வளைந்து ஓட வேண்டும். தடைகளின் ஒழுங்கை ஒவ்வொரு முறையும் நடுவரே புதிதாக வகுப்பார். நடத்துபவர் மட்டும் முன்கூட்டியே நடந்து பார்த்து அதனை மனத்திற் பதித்துக்கொள்வார். நாய்க்கோ அது முற்றிலும் புதிய பாதை. கழுத்தில் வார் இல்லை. கையில் தீனி இல்லை. நாயைத் தொட்டு உதவுவதும் குற்றம். எஞ்சியிருப்பவை சொல்லும் சைகையுமே.

இவற்றைக் கையாளும் முறையில் மூன்று பாணிகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாமவர் நாயை முந்தி ஓடுபவர். பாதை திரும்புமிடத்தில் அவர் நாய்க்கு முன்னாகக் குறுக்கே கடந்து மறுபக்கம் சேர்வார். கடக்கும்போது சிலர் நாயை நோக்கியபடி திரும்புவர். சிலர் முதுகைக் காட்டியே கடப்பர். வழிகாட்டி கண்ணெதிரே இருப்பதால் நாய்க்கு ஐயம் குறைவு. ஆயினும், கால் சற்றுத் தாமதித்தாலும் வழிகாட்டியே நாய்க்குத் தடையாகிவிடுவார்.

இரண்டாமவர் நாயை முன்னே செல்லவிட்டு, அதன் பின்புறமாகக் கடப்பவர். இதற்கு அவருடைய வேகத்தைவிட நாயின் தன்னம்பிக்கையே மிகுதியாக வேண்டும். அனுபவமில்லாத நாய், பின்னால் நிகழ்வதை அறியத் திரும்பிப் பார்த்து, வழியைத் தவறவிடும்.

மூன்றாமவர் தொலைவில் நின்றே 'இடம்', 'வலம்', 'அப்பால்' எனச் சொல்லால் நடத்துபவர். முழங்கால் நோவுடைய முதியவரும் இவ்வாறு களமாட முடியும். இதன் வேர் இடையர் தொழிலில் உள்ளது. வேல்ஸ் நாட்டின் பாலா என்னுமிடத்தில் 1873ஆம் ஆண்டிலேயே மேய்ப்பு நாய்ப் போட்டி நடைபெற்றுள்ளது. மேய்ப்பன் ஓரிடத்தில் நின்று சீழ்க்கையடிக்க, நாய் நெடுந்தூரத்திலே ஆட்டு மந்தையைத் திருப்பும்.

இவற்றுள் எது சிறந்தது? நாயின் இயல்புக்கும் நடத்துபவரின் உடல்வலிமைக்கும் ஏற்ப விடை மாறும். தேர்ந்தவர்கள் ஒரே ஓட்டத்தில் மூன்றையும் கலந்து கையாள்வதுண்டு. ஆனால், எப்பாணியாயினும் மாறாத விதிகள் இரண்டு. முதலாவது, குறிப்பு காலத்தோடு கிடைக்க வேண்டும். எங்கே திரும்புவது என்பதை அறிந்தே நாய் பாய வேண்டும். அது அந்தரத்தில் இருக்கையில் இடும் கட்டளை பிந்திய கட்டளையாகும். இரண்டாவது, சொல்லும் உடலும் முரண்படலாகாது. வாய் 'இடம்' என, பாதம் வலப்புறம் நோக்கினால், நாய் பெரும்பாலும் பாதத்தையே நம்பும்.

பின்லாந்து நாட்டுப் பயிற்சியாளர் யனித்தா லெய்னொனெனின் 'லீ' என்னும் நாய் செவிப்புலனை இழந்தது. அவர் அதனைக் கைவிடவில்லை. குரல் பயனற்றுப்போகவே, தம் பார்வையும் தோளும் பாதமும் நாய்க்கு எதைச் சொல்கின்றன என்று ஆராய்ந்தார். செவிடான அந்நாயிடம் கற்றவை பின்னர் ஒரு பயிற்சி முறையாக உருவெடுத்துப் பல நாடுகளிற் பரவின.

வழிதவறிய நாயைப் பார்வையாளர் பழிப்பர். அனுபவம் மிக்க பயிற்சியாளரோ, தாம் காட்டிய குறிப்பு யாதென்றே முதலில் ஆராய்வார்.

குழந்தை நாயன்று, அதற்குச் சிந்தனையும் வினாவும் உண்டு. ஆயினும், ஆசிரியர் கலாசாலை அமைந்த அட்டாளைச்சேனை போன்ற ஊருக்கு இச்செய்தியில் ஒரு பாடம் உள்ளது. பொய் சொல்லாதே எனப் போதிக்கும் தந்தை, கடன்காரர் வந்ததும் வீட்டில் இல்லையென்று சொல்லச் சொன்னால், பிள்ளை எதைக் கற்கும்? கணக்கு முடிந்தபின் விதியை விளக்கும் ஆசிரியர், பிழைத்த மாணவனை ஏசுவது முறையாகுமா? 'சொல் கேளாத பிள்ளை' என்று தீர்ப்புக் கூறுமுன், சொன்னது காலத்தோடு சொல்லப்பட்டதா, செயல் அதற்கு மாறாக இருந்ததா என்று பெரியோர் தம்மைத் தாமே வினவிக்கொள்வது நன்று.