சொல்லாமல் சொல்லும் அட்டை

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரமாக என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! டி.வி. பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

'கதை விளையாட்டுக்குப் பாதுகாப்பு அட்டை தேவையா, தேவையில்லையா?' இதுதான் தலைப்பு. தேவை என்று பேசப்போகிறேன் என்றதும் எங்க வீட்டம்மா கேட்டாங்க: "முப்பது வருஷமா சீட்டாட்டம் கூடாதுன்னு சொல்லிட்டு, இப்ப எந்த அட்டைக்கு வக்காலத்து?" (சிரிப்பு)

சீட்டு இல்லைங்க. அமெரிக்காவிலே 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை உருவாக்கி வெளியிட்டார்கள். ஒரு மேசை, சுற்றி நாலைந்து பேர், காகிதம், பென்சில், இருபது முகப் பகடை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "குகைக்குள்ளே வந்துட்டீங்க, ஒரே இருட்டு, என்ன செய்யப் போறீங்க?" எல்லாம் வாயாலேயே! கதை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. சுவையும் அதிலேதான், ஆபத்தும் அதிலேதான். பிள்ளையைத் தண்ணீரிலே பறிகொடுத்த தாய் அந்த மேசையிலே இருந்து, கதையிலே ஒரு குழந்தை ஆற்றோடு போனால்?

இதற்காகத்தான் ரான் எட்வர்ட்ஸ் என்பவர் 2003-இல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கோடு. அந்த விஷயம் கதையிலே வரவே கூடாது. இன்னொன்று, திரை. நடக்கும், ஆனால் காட்ட மாட்டோம். நம்ம பழைய சினிமாவிலே ரெண்டு பூ முட்டிக்குமே, அதுதான்! (பலத்த சிரிப்பு) பிறகு 2013 வாக்கில் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் ஓர் அட்டையிலே பெருக்கல் குறி போட்டு மேசை நடுவிலே வைத்தார். மனசுக்குத் தாங்காத காட்சி வந்தால் அதைத் தொட வேண்டியது, அந்தக் காட்சியை நீக்கிவிட்டுக் கதை மேலே போகும். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எதிரணித் தோழர் கேட்டார்: "பயம்தானே அந்த விளையாட்டுக்கு உப்பு?" ஐயா, உப்பே வேண்டாம்னு யார் சொன்னது? கல்யாணப் பந்தியிலே போதும் என்பதற்கு இலைமேலே கையை நீட்டுகிறோம். "உமக்கு ரத்தக் கொதிப்பா, சர்க்கரையா, சீட்டைக் காட்டும்"னு பரிமாறுகிறவர் கேட்கிறாரா? (கைதட்டல்) ஒருத்தருக்காக எல்லாருக்கும் ஒரு காட்சி போகிறதே என்பார். போகட்டுமே! மூணு மணி நேரக் கதை ஒரு காட்சியாலா செத்துப்போகும்?

"1974-லே அட்டையா இருந்தது?" என்று கேட்டார். அதே விளையாட்டுக்கு 2020-இல் வந்த புத்தகம், ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே எல்லைகளைப் பேசிவிடுங்கள் என்கிறது. கூப்பிட்ட சாட்சியே பல்டி அடிச்சிட்டாருங்க! (சிரிப்பு)

எதிரணி அம்மையார் சொன்னதிலே ஒரு நியாயம் உண்டு. "அட்டை இருக்குன்னு நடத்துறவர் அலட்சியமாயிடுவார், கூச்சப்படுறவங்க அதையும் தொட மாட்டாங்க." உண்மை. அதனால் அட்டையும் வேண்டும், முகம் பார்க்கிற மனுஷனும் வேண்டும். ஆனால் அடுத்து, "நண்பர்களுக்குள்ளே வாயால் சொன்னால் போதாதா?" என்றார்களே, அங்கேதான் மாறுபடுகிறேன்.

ஒருநாள் வகுப்பிலே கையறுநிலைப் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். இறந்தவருக்காக இரங்கும் பாட்டு. நானும் உருகி உருகி நடத்துகிறேன். கடைசி வரிசையிலே ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்குக் கோபம். "இலக்கியம்னா அவ்வளவு இளக்காரமா?" என்று எல்லார் முன்னாலேயும் கத்தினேன். சாயங்காலம் வந்து நின்றாள். "அப்பா தவறி இருபது நாள் ஆச்சு ஐயா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"வாயைத் திறந்தா அழுதுடுவேன் ஐயா."

முனைவர் பட்டம் வாங்கியவன் நான். வாய் பேச முடியாத நேரம் ஒன்று மனுஷனுக்கு உண்டு என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் கற்றேன். அந்த நேரத்திலே "வாயைத் திறந்து சொல்லு" என்பது, கால் ஒடிந்தவனை நடந்து வந்து கட்டுப் போட்டுக்கொள் என்பது மாதிரி. (கைதட்டல்)

அன்றைக்கு என் மேசையிலே ஓர் அட்டை இருந்து, அவள் அதைத் தொட்டிருந்தால், நான் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். பாட்டு எங்கேயும் போயிருக்காது. அடுத்த மாதம் நடத்தியிருக்கலாம். அந்தப் பிள்ளையை அத்தனை பேர் முன்னால் அழவிட்டது மட்டும் நடந்திருக்காது.

விளையாட்டுக்குக் கூடுவது சந்தோஷத்துக்காக. கூடியவர்களில் ஒருவர் உள்ளுக்குள் அழ, மற்றவர்கள் பகடை உருட்டினால் அது விளையாட்டா? நடுவர் அவர்களே, அட்டை தேவை என்றே தீர்ப்புச் சொல்லுங்கள்.