யாருக்குக் கணக்குக் காட்டுகிறோம்?



எழுத்தாளரின் கடமை பற்றிப் பேச மாத்தளை பொருத்தமான ஊர். தம்புள்ளை வீதியில் சற்றுத் தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் ஏடேறியது அங்கேதான் என்பது பௌத்த மரபு. பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்தவர்கள் மடிந்துபோனால் அத்தனையும் அழிந்துவிடுமே என்ற பயம்தான் பிக்குகளை எழுதவைத்தது.

மலையகத் தமிழரான நம் முன்னோரும் வடக்கிலிருந்து இந்தப் பக்கமாகவே மலையேறினார்கள். தலைமன்னாரில் இறங்கி, காடு கடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியெல்லாம் பலரைப் பறிகொடுத்துக் கோப்பித் தோட்டம் சேர்ந்தார்கள். அவர்களுக்காக ஏடெழுத யாரும் இருக்கவில்லை. பெயர் பதிந்ததெல்லாம் தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில். அதுவும் சம்பளக் கணக்குக்காக. 2023இல், அந்த வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவான 'மலையகம் 200'ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள், அவர்களுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியைக் காலால் தீர்த்தார்கள். எழுத்தால் தீர்க்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையாரை இங்கே நினைக்கிறேன். பாட்டெழுதி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, தோட்டத் தொழிலாளர் முன்னால் தாமே பாடினார். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் அவர்களே அவருடைய வாசகர்கள். பாட்டில் பொய்யிருந்தால் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்களும் அவர்களே. நம்மில் எத்தனை பேருக்கு அப்படிப்பட்ட வாசகர்கள் உண்டு?

1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதியது. அந்தக் காலத்து எழுத்தாளருக்கு எதிரி யார் என்பதில் குழப்பமில்லை. கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்த வேதனையை உலகத்துக்குச் சொன்னார். 1980இல் மாத்தளையின் மலரன்பன், சோமு, வடிவேலன் மூவரும் 'தோட்டக்காட்டினிலே' சிறுகதைத் தொகுப்பைத் தந்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராவின் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

தோட்டத் துரையையும் கங்காணியையும் எழுதி முடித்தாயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் அது இன்று நமக்குச் சுலபமான வேலை. தொழிற்சங்கச் சந்தாவை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டும் தலைவரை எழுதுவது கடினம். புத்தக வெளியீட்டுக்கு அவரைத்தானே அழைக்கிறோம்! (என் வீட்டு அலுமாரியிலும் பொன்னாடைகள் உண்டு.) அதைவிடக் கடினம் வீட்டுக்குள் பார்ப்பது. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்ற பயத்தோடு நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவள், வீடு திரும்பி அடுப்பும் மூட்டுகிறாள். அவள் சம்பளத்தைத் தாங்களே போய் வாங்கிக்கொண்ட கணவன்மார் நம் தகப்பன்மார்தான். அந்தச் சம்பளத்தில் படித்து மாஸ்டராகவும் பத்திரிகையாளராகவும் கொழும்பு போன மகன்மார் நாம். அம்மாவின் தியாகத்தைப் போற்றிக் கதை எழுதுகிறோம். அப்பாவின் கை நீண்டதை விட்டுவிடுகிறோம். அடுத்தவன் அநீதியை மட்டும் எழுதும் பேனாவை நான் நேர்மையானது என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆய்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மூதாட்டியின் ஒப்பாரியைக் கைபேசியில் பதிந்து இணையத்தில் ஏற்ற இப்போது ஐந்து நிமிடம் போதும். ஆயிரம் பேர் பார்த்த பிறகும் பாடியவளுக்கு அது தெரியாது. அவள் அழுதது தன் பிள்ளைக்காக. நம் கட்டுரைக்காக அல்ல. இசைவு கேளுங்கள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இல்லை தம்பி, நான் அப்படிச் சொல்லல" என்றால் திருத்துங்கள்.

இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வு நாட்டார் பாடல்கள் பற்றியது. கட்டுரையாளர்கள், இசைவு தந்த ஒவ்வொருவரின் பெயரையும் தோட்டத்தையும் சொல்லிவிட்டுப் பாடலுக்குள் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். நேரம் கூடுதலாகப் பிடித்தால் பிடிக்கட்டும். அதற்காக அமர்வுத் தலைவராகிய நான் மணி அடிக்கமாட்டேன்.