பொலிசாரின் ஏடே சாட்சி



பொலிசாரின் அடி ஏழையின் முதுகில் விழும்போது, அது அவனுடைய தனித் துயரம் என்றே கொள்ளப்படுகிறது. முறையிட்டால், "எங்கோ ஒருமுறை நிகழ்ந்த தவறு" என்பர் அதிகாரிகள். அந்த விடையைத் தகர்க்கவல்லது கணக்கு ஒன்றே. சூடடித்த நெல்லை அளந்து பாராத கமக்காரன் தன் நட்டத்தை எவ்வாறு நிரூபிப்பான்?

நியூயோர்க் நகரத்தைப் பாருங்கள். 1999இல் அமடூ டியாலோ என்னும் ஆயுதமற்ற கறுப்பு இளைஞர்மீது பொலிசார் நால்வர் 41 குண்டுகளைப் பொழிந்தனர். பின்னெழுந்த வழக்கு 2003இல் இணக்கமாக முடிந்தது. தெருவில் மறிக்கப்படுவோர் பற்றிய விபரங்களை வழக்காளிகளின் சட்டத்தரணிகளுக்குக் கொடுக்க நகரம் உடன்பட்டது.

யாரை மறித்தனர், ஏன் மறித்தனர், பலம் பிரயோகித்தனரா என்பவற்றைப் பொலிசாரே படிவத்தில் எழுதினர். 2004 முதல் 2012 நடுப்பகுதிவரை 44 இலட்சம் மறிப்புகள்! பேராசிரியர் ஜெஃப்ரி ஃபேகன் அவற்றை ஆராய்ந்து அடுத்த வழக்கிலே சாட்சியமளித்தார். கறுப்பரை மறித்தபோது நூற்றுக்கு 23 தடவை பலம் பிரயோகிக்கப்பட்டது. வெள்ளையரை மறித்தபோது 17 தடவை. ஆயுதம் அகப்பட்டதோ கறுப்பரிடம் நூற்றுக்கு 1, வெள்ளையரிடம் 1.4!

2013இல் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் அந்நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தார். வழக்கும் மக்கள் எதிர்ப்பும் சேர்ந்து, 2011இல் 685,000க்கு மேலிருந்த மறிப்புகளை 2014இல் 50,000க்கும் கீழே இறக்கின. கொலை பெருகும் என்று அச்சுறுத்தினர். 2011ஐ விட 2014இல் கொலைகள் குறைந்தே இருந்தன.

ஆயினும் பொலிசார் எழுதாது விடும் அடிகளும் உண்டு. ஆகவே மக்களும் எண்ண வேண்டும். 2015இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை தானே எண்ணியது. அவ்வாண்டு அமெரிக்கப் பொலிசார் சுட்டுக் கொன்றோர் ஏறத்தாழ 1,000 பேர். மத்திய புலனாய்வுப் பணியகம் ஆண்டுதோறும் காட்டி வந்த தொகையின் இரு மடங்குக்கும் மேல்!

எமது கையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொலிசாரின் ஏட்டிலுள்ளதைக் கேட்டுப் பெறுவது சட்டம் கற்ற எமது கடமை. ஏட்டில் இல்லாததை எழுதுவது உங்கள் கடமை. அடிபட்ட அன்றே திகதி, நேரம், இடம், உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்; வைத்தியரின் சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதினால் அது முறைப்பாடு. ஊரே எழுதினால் அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தைச் சேர்த்து நீதிமன்றின் முன் வைக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.