கண் போன நாய்க்கும் வழி தெரியும்

1959இல் சென்னையில் பெருமழை. வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றித் தூக்கி வந்தார் விமானி கேப்டன் சுந்தரம். அப்படித் தொடங்கியதுதான் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு. அப்படிக் காப்பாற்றுபவர்கள் இருக்க, வளர்த்த நாயைப் பார்வை போனதும் வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வர யாருக்கும் எப்படி மனசு வருமோ! பசி தாகத்தில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கண் போனாலும் நாய்க்கு மூக்கும் காதும் இருக்கின்றன. வீட்டு வழியை மோப்பத்தாலும் நினைவாலும் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர்ச் சட்டியை இடம் மாற்றாதீர்கள். நடைவழியில் நெல் மூட்டையைப் போடாதீர்கள். தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடீரென்று தொட்டால் பயத்தில் கடித்துவிடலாம். கிணற்றுப் பக்கம் ஒரு படல் கட்டுங்கள். பார்வை போனது மாடு என்றால், கூட மேயும் மாட்டுக்கு மணி கட்டிவிடுங்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகும்.

கண்ணில் வெள்ளை படர்ந்ததுமே நம்பிக்கை இழக்க வேண்டாம். சிலவற்றைக் குணப்படுத்தலாம். ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டுங்கள். நகர முடியாத மாடா? 1962க்கு போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் ஊருக்கே வரும்.