மின்வெட்டும் வீட்டு மின்பிறப்பாக்கியும்

மழைக்காலத்து இரவொன்றில் வீடு திடீரென இருண்டுவிடுகின்றது. உடனே வீட்டார் செய்வது, வாயிற்படிக்கு வந்து அயல்வீட்டை எட்டிப் பார்ப்பதாகும். அங்கும் இருளாயின் ஒருவகை ஆறுதல். அங்கு விளக்கு எரியுமாயின் தம் வீட்டு உருகி எரிந்துவிட்டதோ என்னும் கவலை. இவ்வனுபவம் இலங்கை மக்களுக்குப் புதியதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திரார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் ஒரே கணத்தில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை மின்நிலையத்துள் புகுந்த குரங்கொன்றே அதற்குக் காரணம் என்று அமைச்சர் கூறியபோது நாடே நகைத்தது. இலங்கையை எரித்த பழைய குரங்கை நினைவுகூர்ந்தோரும் உளர்.

இத்தகைய இடர்களின் பயனாக, ஒருவரோ இருவரோ தூக்கிச் செல்லத்தக்க சிறிய மின்பிறப்பாக்கிகள் பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. ஜெனரேற்றர் என்று வழங்கும் இப்பொறியை விலைகொடுத்து வாங்குவது எளிது. பெற்றோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தால் அது இயங்கத் தொடங்கும். அதன்பின் எழும் வினாவே கடினமானது. முற்றத்தில் இயங்கும் பொறியின் மின்சாரத்தை வீட்டினுள் இருக்கும் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் எவ்வாறு கொண்டு சேர்ப்பது?

பலர் கைக்கொள்ளும் வழி ஒன்றுண்டு. ஒரு கம்பியின் இரு முனைகளிலும் செருகியைப் பொருத்தி, ஒன்றைப் பொறியிலும் மற்றதை வீட்டுச் சுவரிலுள்ள குதையிலும், அதாவது பிளக் பொயின்ற் என்று சொல்லப்படுவதிலும், சொருகிவிடுகின்றனர். வீடு முழுவதும் ஒளி பெறுகின்றது. செலவும் மிகுதியன்று. இதனைவிடச் சுலபமான வழி வேறில்லை. இதனைவிட ஆபத்தான வழியும் வேறில்லை.

முதலாவது, அக்கம்பியின் அமைப்பே தவறு. மின்சாரம் வருகின்ற பக்கம் துவாரங்களாக மறைந்திருத்தலும், அதனைப் பெறுகின்ற பக்கம் முனைகளாக வெளியே நீண்டிருத்தலும் தற்செயலாக ஏற்பட்ட ஒழுங்கன்று. குழந்தையின் விரல் தற்செயலாகப் பட்டாலும் தீங்கு நேராதிருத்தற்பொருட்டே அவ்வாறு அமைத்தனர். இருபுறமும் செருகியுடைய கம்பியோ இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிவிடுகின்றது. பொறி இயங்கிக்கொண்டிருக்கையில் எவரேனும் கால் தடுக்கி அக்கம்பி சுவரிலிருந்து கழன்றுவிடின், வெளியே நீண்டிருக்கும் பித்தளை முனைகளில் 230 வோல்ற்று நிற்கும். இருளிலே அதனைத் தேடி எடுக்க நீளும் கையின் நிலை யாதாகும்?

இது வீட்டினுள் உள்ள ஆபத்து. வீட்டுக்கு வெளியே செல்லும் ஆபத்து இதனிலும் பெரிது. வீட்டின் மின்சுற்றும் வீதியின் மின்கம்பியும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. குதை வழியே புகுந்த மின்சாரம் வீட்டு விளக்குகளோடு நின்றுவிடுவதில்லை. மானியைக் கடந்து வீதிக்கம்பியை அடைந்து, அங்கிருந்து மின்மாற்றிக்கும் செல்லும். மின்மாற்றி 33,000 அல்லது 11,000 வோல்ற்றை 400 வோல்ற்றாகக் குறைத்து ஊருக்கு வழங்குவது. அதிலிருந்து ஒற்றைக் கம்பியில் வீடு பெறுவது 230 வோல்ற்று. ஆனால் மின்மாற்றிக்கு மேல் கீழ் என்ற பேதம் தெரியாது. கீழ்ப்புறத்தால் 230 வோல்ற்றைச் செலுத்தினால் மேற்புறத்தில் அதுவே பல்லாயிரம் வோல்ற்றாக வெளிப்படும். மின்சாரம் நின்றுவிட்டதென நம்பிக் கம்பத்தின் உச்சியில் அறுந்த கம்பியைப் பிணைத்துக்கொண்டிருக்கும் ஊழியரை நோக்கி அது செல்கின்றது. வேலை செய்யுமுன் கம்பியைச் சோதித்து நிலத்தோடு தொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் விதி. அவ்விதி அவரைக் காக்கலாம். ஆயினும் ஒழுங்கையிற் கிடக்கும் கம்பியை, பாதையை மறிக்கின்றதே என்று நல்லெண்ணத்தோடு கையால் விலக்க முற்படும் அயலவருக்கு எந்த விதியும் காவலில்லை.

இவ்விடத்தில் மறுப்பொன்று எழுவதுண்டு. இச்சிறு பொறி ஊர் முழுவதற்கும் மின்சாரம் ஊட்ட வல்லதா? வீதிக்கம்பியோடு தொடர்பு ஏற்பட்டதும் பாரம் தாங்காமல் அது நின்றுவிடாதா? கேள்வி நியாயமானதே. நூறு வீடுகளின் பாரம் ஏறியவுடன் பொறி திணறி நிற்பதும், அதன் பாதுகாப்பு ஆளி விழுவதும் உண்மையே. அதனைக் கண்டவர், இதில் ஆபத்தில்லை என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆனால் புயலிலே மரம் முறிந்து, தம் வீட்டுக்கு இரண்டு கம்பங்களுக்கு அப்பால் கம்பி அறுந்துவிட்டதென்று கொள்ளலாம். அப்போது பொறியின் மீது ஏறும் பாரம் இரண்டொரு வீடுகள் மட்டுமே. பொறி நிற்காது, தடையின்றி இயங்கும். கம்பி அறுந்திருக்கும் அந்த இடத்துக்கே ஊழியரும் வந்து ஏறுவார். பொறி திணறாத வேளையே கொல்லும் வேளை என்பதை இவ்வாறு மறுப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு. அதனை ஓர் உரையாடலாகவே கூறலாம். மின்னிணைப்பு வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் வீட்டுக்காரர் சொல்கின்றார்: “தம்பி, பிரதான ஆளியை நிறுத்திவிட்டுத்தானே நான் செருகுகிறேன். பிறகு வீதிக்கு எப்படி மின்சாரம் போகும்?” இளைஞர் விடை கூறுகின்றார்: “ஐயா, நீங்கள் நிறுத்துவீர்கள். நீங்கள் கொழும்புக்குப் போன அன்று வீட்டில் யார் நிறுத்துவார்?”

இவ்விடையிலே பொருளின் சாரம் முழுவதும் அடங்கியுள்ளது. பிரதான ஆளியை நிறுத்தினால் தொடர்பு அறுபடும் என்பது மெய். ஆனால் அது ஒருவருடைய நினைவை நம்பி நிற்கின்ற காவல். மழையும் இருளும் குழந்தையின் அழுகையுமாக இருக்கும் வேளையில் நினைவு தவறுவது மனித இயல்பு. எதிர்பாராத வேளையில் வீதி மின்சாரம் திரும்பி வருமாயின், இரண்டு மின்சாரங்களும் ஒன்றோடொன்று மோதும். வினாடிக்கு 50 முறை மாறும் அலைகள் இரண்டும் இசைந்து வருவதில்லை. சிறு பொறியின் சுருள்கள் கருகும், தீப்பற்றவுங் கூடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வழக்கம் வேரூன்றியமைக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் அங்கு மின்வழங்கலே இல்லாதிருந்தது. வீதிக்கம்பி உயிரற்றுக் கிடந்தது. அதனைத் திருத்த ஏறுவாரும் இலர். திடீரெனத் திரும்பிவரும் மின்சாரமும் இல்லை. அக்காலத்திற் பொறியை வீட்டுக் குதையில் இணைத்தவர் பிறருக்குத் தீங்கு செய்யவில்லை. காலம் மாறியபின்னும் கைப்பழக்கம் மாறாதிருப்பதே வருந்தத்தக்கது.

இனிச் சரியான வழி. அதற்கென ஒரு கருவி உண்டு. மாற்று ஆளி எனலாம். கடைகளில் சேஞ்ச் ஓவர் சுவிச் என்று கேட்டாற் கிடைக்கும். அதன் பிடிக்கு மூன்று நிலைகள். ஒன்றில் வீடு வீதி மின்சாரத்தோடு சேரும். மற்றதில் பொறியோடு சேரும். நடுவில் எதனோடும் சேராது நிற்கும். ஒரு கதவு ஒரே வேளையில் இரு நிலைகளிற் சாத்தப்படுதல் இயலாதவாறுபோல, இப்பிடியும் இரு பக்கங்களையும் ஒருங்கே தொடமாட்டாது. நினைவு தவறினாலும், சிறுவர் கை வைத்தாலும், இரு மின்சாரங்களும் கலக்க இடமில்லை. வீட்டாரின் ஞாபகசக்தியை இரும்பும் பித்தளையும் ஏற்றுக்கொள்கின்றன.

வாங்கும்போது உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி ஆகிய இரண்டையும் ஒருங்கே மாற்றும் ஆளியையே வாங்க வேண்டும். உயிர்க்கம்பியை மட்டும் மாற்றுவது அரைகுறைக் காவல். அதனை மானிக்கும் பிரதான ஆளிக்கும் பின்னும், ட்ரிப் சுவிச்சுக்கு முன்னும் பொருத்துதல் முறை. அவ்வாறாயின் பொறி இயங்கும்போதும் ட்ரிப் சுவிச் வீட்டைக் காக்க வழியுண்டு. இதில் நுட்பமொன்று உண்டு. சிறிய பொறிகள் பலவற்றில் நொதுமற்கம்பி நிலத்தோடு தொடுக்கப்படாமலே வருகின்றது. அந்நிலையில் ஒருவரை மின்சாரம் தாக்கினாலும் ட்ரிப் சுவிச் விழாதிருக்கக்கூடும். பொறியின் பக்கத்தில் புவித்தொடுப்பைச் சரிசெய்து, ட்ரிப் சுவிச் விழுகின்றதா எனக் கருவி கொண்டு சோதித்தல் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரின் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் மைத்துனரும் தாமுமாகச் செய்து முடிக்கும் வேலையன்று. சுவரின் வெளிப்புறத்தில் முனைகள் உள்ளடங்கிய நுழைவாய் ஒன்றை அவரே பொருத்திவிடுவார். பொறியிலிருந்து வரும் கம்பியின் துவாரமுள்ள முனையை அதில் மாட்டினாற் போதும். இருபுறச் செருகிக் கம்பிக்கு அதன்பின் வேலையில்லை.

இச்செலவுக்கு வசதியற்றவர் வீட்டு மின்சுற்றைத் தொடவே வேண்டியதில்லை. பொறியிலுள்ள குதையிலிருந்து தடித்த நீட்டிப்புக் கம்பியை யன்னல் வழியே கொண்டு சென்று, அதில் ஒரு விளக்கையும் விசிறியையும் நேரே செருகலாம். பார்வைக்கு அழகில்லை, ஆயினும் வீதிக்கு ஒரு துளி மின்சாரமும் செல்லாது. கம்பியைச் சுருளாக வைத்திராது முழுவதும் விரித்துவிடல் வேண்டும்; சுருளுக்குள் வெப்பம் ஏறி மேலுறை உருகும்.

பாரக் கணக்கையும் அறிந்திருத்தல் நன்று. பொறியில் இரு எண்கள் எழுதியிருக்கும். சிறிய எண்ணே மெய்யான கணக்கு. 9 வாற்று மின்குமிழ் ஆறு, 75 வாற்று விசிறி இரண்டு, தொலைக்காட்சிக்கு 100 வாற்று எனக் கூட்டினால் ஏறக்குறைய 300 வாற்று. குளிர்சாதனப் பெட்டி ஓடுகையில் 150 வாற்று கொள்ளினும் தொடங்கும் கணத்தில் அதனிலும் பன்மடங்கு இழுக்கும். ஆகவே அதனை முதலில் இணைத்து, மற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். 2,000 வாற்றுக் கேத்தில் ஒன்றே சிறு பொறியை நிறுத்திவிடும். தேநீருக்கு அடுப்பே போதும்.

பொறியை வைக்குமிடம் பற்றியும் சொல்லாது விடுதல் முறையன்று. மழைக்கு அஞ்சி விறாந்தையிலோ அடுக்களையிலோ வைப்போர் உளர். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குவோர் எழாமலே போவர். யன்னலைத் திறந்துவைத்தல் போதாது. வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், புகைக்குழாய் வீட்டை நோக்காதவாறு, சுவரில்லாத கூரையின்கீழ் வைக்க வேண்டும். பெற்றோல் ஊற்றுவது பொறி நின்று ஆறிய பின்னரே.

இயக்கும் ஒழுங்கு இது. மாற்று ஆளியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வீட்டிலுள்ள பெரிய கருவிகளை நிறுத்துக. வெளியே பொறியை இயக்கி, அதன் ஓசை சீராகும்வரை சில நிமிடம் விடுக. பின்னரே பிடியைப் பொறியின் பக்கம் திருப்புக. வீதி மின்சாரம் மீண்டதை வீட்டிலிருந்தே அறிதற்கு, மாற்று ஆளிக்கு முன்னால், வீதியின் பக்கத்தில், ஒரு சிறு சிவப்பு விளக்கைப் பொருத்தித் தருமாறு மின்னிணைப்பாளரிடம் கேட்கலாம். அது ஒளிர்ந்தவுடன் அவசரம் வேண்டா. புயற்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும். பத்து நிமிடம் நிலைத்து நின்றதும் பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கு சிறிது நிறுத்தி, வீதியின் பக்கம் திருப்புக. பாரமற்ற பொறியை இரண்டொரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பெற்றோல் வாயிலை மூடிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது.